அப்பா கேர் சென்டரில், தம்பி சிங்கப்பூர் டார்மில்

2020 ஜூன், கொரோனா காலம். சென்னை ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் மாநகராட்சி காய்ச்சல் முகாம் போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ரசம் சாதத்தில் உப்பே இல்லை என்று அவர் சொன்னதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முகாமிலேயே மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். இரண்டு நாளில் முடிவு வரும் என்றார்கள், வர நான்கு நாள் ஆனது. அதுவரை ஐந்து பேரும் ஒரே அறையில், ஒரே கழிவறையோடு இருந்தோம்.

பாசிட்டிவ்.

அப்புறம் ஸ்கிரீனிங் சென்டர். ரத்தம், எக்ஸ்ரே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். ஆக்சிஜன் 96 இருந்ததால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார் டாக்டர். "வீட்ல தனி ரூம், தனி பாத்ரூம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு கல்லூரி விடுதியை கேர் சென்டராக மாற்றியிருந்தார்கள், அப்பாவை அங்கே அனுப்பினார்கள். எங்கள் கதவில் ஸ்டிக்கர், சந்து வாசலில் தகரம்.

தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். டார்மில், அதாவது தொழிலாளர் விடுதியில், ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை அங்கே ஊரடங்கு. அது முடிந்து ஊர் மெல்லத் திறந்த பிறகும் இவர்களை வெளியே விடவில்லை. "டெஸ்ட் எடுக்கறாங்க, சாப்பாடு வருது அண்ணா. ஆனா படிக்கட்டுகூட இறங்க முடியல" என்பான். டார்ம்களில் இருந்த 3,23,000 பேரில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருந்ததாக அந்த அரசே டிசம்பரில் சொன்னது. அவ்வளவு பணமும் ஒழுங்கும் உள்ள நாட்டிலும் நெருக்கிப் படுத்தவர்களைத்தான் நோய் பிடித்தது.

ஜூன் 8 அன்று நியூசிலாந்தில் நோயாளி ஒருவர்கூட இல்லை என்று டிவியில் சொன்னார்கள். தீவு, ஐம்பது லட்சம் மக்கள், மார்ச்சிலேயே எல்லையை மூடிவிட்டார்கள். அதையெல்லாம் நாம் கேட்க முடியாது. ஆனால் முழுநேர வேலையில் இருப்பவருக்கு வாரம் 585 நியூசிலாந்து டாலர் என்று முதலாளி வழியாகச் சம்பள உதவி கொடுத்தார்களே, அதுதான் என் மனதில் நின்றது. அப்பா பாரிமுனையில் சுமை தூக்குகிறவர். மார்ச் 24 இரவு 8 மணிக்கு ஊரடங்கு என்று அறிவித்தார்கள், நள்ளிரவில் தொடங்கிவிட்டது. எங்களுக்கு ரேஷன் கார்டில் ஆயிரம் ரூபாயும் அரிசியும் வந்தன. நன்றியோடு வாங்கினோம், ஆனால் வாடகைக்கு அது போதவில்லை. உள்ளே இரு என்று சொல்கிற அரசு, உள்ளே இருப்பதற்கான கூலியையும் தர வேண்டும்.

இங்கே நன்றாக இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சியின் களப்பணியாளர் அக்கா ஒருவர் தினமும் வந்து தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, "மூச்சு வாங்குதா? வயித்துப்போக்கு இருக்கா?" என்று கேட்பார். கபசுரக் குடிநீர்ப் பொட்டலம், காய்கறி எல்லாம் அவர் கை வழியாகத்தான் வந்தன. எந்த போன் ஆப்பும் எங்களை அப்படி விசாரிக்கவில்லை.

பத்தாம் நாள் அப்பா வந்தார். நெகட்டிவ் ரிப்போர்ட் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்றார் வீட்டுக்காரர். காய்ச்சல் இல்லாவிட்டால் மறுபடி டெஸ்ட் எடுக்காமலே பத்து நாளில் அனுப்பலாம் என்று மே மாதமே விதி மாறியிருந்தது. நான் சொல்லி அவர் கேட்கவில்லை. அக்காவுக்கு போன் போட்டேன். மதிய வெயிலில் வந்து, டிஸ்சார்ஜ் சீட்டை அவருக்குப் படித்துக் காட்டி, அப்பாவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.