கச்சான் காத்தும் அங்கிள்ட சேர்வரும்

திருகோணமலை உப்புவெளியில ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ், 12 ரூம். அதுக்கு புக்கிங் சிஸ்டம் எழுதிக் குடுத்தது நான்தான், பக்கங்களை ஆக்கிக் காட்ட பிஎச்பி, புக்கிங் விபரத்தைச் சேத்து வைக்கிற டேட்டாபேசா மைஎஸ்கியூஎல், கீழ விண்டோசுக்குப் பதிலா உபுண்டு. சேர்வர் எண்டதும் பெரிசா ஒண்டும் நினைக்க வேணாம், கெஸ்ட் ஹவுஸ் நடத்திற அங்கிள்ட பழைய ஒஃபிஸ் கொம்பியூட்டர்தான், 4 ஜிபி ரேம். எங்கட பக்கம் சீசன் மே தொடங்கி செப்டம்பர் மட்டும், மத்த மாசத்தில அந்தப் பெட்டிக்கு வேலையே இல்ல. கரைச்சல் தொடங்கினது ஜூலையில.

"தம்பி, ரூம் இருக்கா எண்டு அமத்திப்போட்டு வந்தவனுக்குத் தேத்தண்ணி குடுக்கிறன், அவன் குடிச்சு முடிக்கிறான், இது இன்னும் சுத்திக்கொண்டு நிக்குது" எண்டு அங்கிள் போன் எடுத்தார்.

நான் செஞ்ச முதல் பிழை, ஒண்டையும் அளந்து பாக்காம ராவோட ராவா எல்லாத்தையும் மாத்தினது. இன்னோடிபி பஃபர் பூல், அதாவது மைஎஸ்கியூஎல் டேட்டாவை ரேம்ல வச்சிருக்கிற இடம், சும்மா விட்டா 128 எம்பிதான், ரேம்ல 70, 80 வீதம் குடுக்கலாம் எண்டு எங்கயோ வாசிச்ச ஞாபகம், தூக்கி 3 ஜிபி போட்டன், பிஎச்பியை ஓட்டுற எஃப்பிஎம்ல ஆகக்கூடின சில்ட்ரன், அதாவது ஒரே நேரத்தில ஓடுற பிஎச்பி புரொசஸ், 50 எண்டும் போட்டன், ராத்திரி நான் மட்டும் தனிய டெஸ்ட் பண்ணேக்க பறந்திச்சு, சந்தோசமாப் படுத்திட்டன். அடுத்த நாள் மைஎஸ்கியூஎல் செத்துச் செத்து எழும்புது. உபுண்டுவில புரோகிராம்களைத் தொடக்கி நடத்திற சிஸ்டம்டி அதைத் திருப்பி எழுப்பி விடுறதால முழுசா விழுந்த மாதிரியும் தெரியேல்ல, ஆனா ஒவ்வொரு தரமும் அந்த பஃபர் பூல் வெறுமையா இருந்து தொடங்கினா முந்தினதை விட மோசம்தானே.

உபுண்டுட உள்பாகம் நடந்ததை எழுதி வைக்கிற கேர்னல் லொக்ல கடைசி வரிகளைப் பாத்தன், மெமரி முடிஞ்சு மைஎஸ்கியூஎல்லைக் கொண்டிட்டன் எண்டு தெளிவா எழுதிக் கிடக்கு. அந்த 80 வீதக் கணக்கு டேட்டாபேஸ் மட்டும் ஓடுற மெசினுக்கு. இதில பிஎச்பியும் ஓடுது, போதாக்குறைக்கு ரிசப்ஷன்ல இருக்கிற தங்கச்சி அதிலயே குரோமும் திறந்து வச்சிருக்கிறா. ஒரு பிஎச்பி புரொசஸ் கிட்டத்தட்ட 60 எம்பி தின்னுது, 50 பேர் எண்டா 3 ஜிபி, டேட்டாபேசுக்கு இன்னொரு 3 ஜிபி, இருக்கிறதே 4! பஃபர் பூலை 1 ஜிபிக்கு இறக்கி, சில்ட்ரனை 12 ஆக்கி, ரேம் போதாட்டி டிஸ்க்கில பாவிக்க 2 ஜிபி ஸ்வொப் போட்டு, அதை எவ்வளவு நாடோணும் எண்டு சொல்லுற ஸ்வொப்பினஸ்ஸை 60ல இருந்து 10 ஆக்கினன். சாகிறது நிண்டிச்சு.

அதுக்குப் பிறகுதான் நேரம் எடுக்கிற குவெரியளை (டேட்டாபேசிட்டக் கேக்கிற கேள்வியளை) எழுதி வைக்கிற ஸ்லோ குவெரி லொக்கை ஒன் பண்ணினன், இதைத்தான் முதல் நாளே செஞ்சிருக்க வேணும். அது சும்மா ஓடாது, ஒன் பண்ணினாலும் 10 செக்கனுக்கு மேல போறதைத்தான் பிடிக்கும், நான் 1 செக்கனுக்கு இறக்கினன். மாட்டினது நான் எழுதின குவெரியே. செக் இன் கொலத்தை, திகதியை மட்டும் பிரிச்செடுக்கிற டேட் ஃபங்ஷனுக்குள்ள போட்டு இண்டைய திகதியோட ஒப்பிட்டிருக்கிறன், அப்பிடி எழுதினா அந்தக் கொலத்தில இன்டெக்ஸ் (புத்தகத்துக் கடைசியில இருக்கிற சொல்லடைவு மாதிரி) இருந்தும் பிரயோசனமில்ல, டேபிள் முழுக்க ஒவ்வொரு வரியா வாசிக்கும். இண்டைய நாள் தொடங்கிற நடுச்சாமம் 12 மணியில இருந்து அடுத்த நடுச்சாமம் 12 மணிக்கு முன்னம் வரை எண்டு ரேஞ்சா மாத்தி எழுதி, குவெரி எப்பிடி ஓடும் எண்டு காட்டுற எக்ஸ்பிளெயின் போட்டுப் பாத்தா இப்ப இன்டெக்ஸைப் பிடிக்குது.

முடிஞ்சுது எண்டு நினைச்சன், மத்தியானம் திரும்பவும் போன்.

காலமை நல்லம், ராத்திரி நல்லம், 12 மணியில இருந்து 3 மணி மட்டும்தான் இழுக்குது. வைஃபையில ஆக்கள் வீடியோ பாக்கினமோ எண்டு யோசிச்சன், ஆனா அந்த மெசின்லயே இருந்து அமத்தினாலும் ஸ்லோ. ஒரே குவெரி, ஒரே டேட்டா, ராத்திரி கால் செக்கன், மத்தியானம் ரெண்டு செக்கன். கொன்ஃபிக் பைலுக்கு நேரம் தெரியாதே. பைக்கை எடுத்துக்கொண்டு நேர போனன்.

ஜூலை மாசத்துக் கச்சான் தெரியும்தானே, தென்மேல் பருவக்காத்து மழையை எல்லாம் மலைக்கு அங்கால கொட்டிப்போட்டு எங்கட பக்கம் வெறும் சூட்டைக் கொண்டு வரும். அந்தக் கொம்பியூட்டர் இருந்தது தகரக் கூரைக்குக் கீழ, மேற்கு யன்னலோட சேர்ந்த தட்டில. பெட்டியைத் தொட்டா கை சுடுது. சென்சர்ஸ் கொமாண்ட் போட்டா 97 பாகை, 3 கிகாஹேட்ஸ்ல ஓட வேண்டிய புரொசசர் தன்னைக் காப்பாத்த 800 மெகாஹேட்ஸுக்கு இறங்கி நிக்குது. ஆகப்பெரிய வெக்கம் என்னண்டா கேர்னல் லொக்ல மெமரி செய்திக்கு நாலு வரி மேல, வெப்பம் கூடிட்டுது, கிளொக்கைக் குறைக்கிறன் எண்டு வரிசையா எழுதிக் கிடந்திச்சு, நான் கடைசி வரிகளை மட்டும் பாத்திட்டு மூடின ஆள்.

திறந்தா ஃபான் முழுக்க மண்ணும் உப்புக்காத்தில பிடிச்ச பிசுக்கும், புரொசசர்ட சூட்டை இழுக்கிற ஹீட் சிங்குக்குக் கீழ, சூட்டைக் கடத்திற பேஸ்ட் காஞ்சு பொடியாப் போச்சு. பிரஷ் போட்டுத் துடைச்சு, புதுப் பேஸ்ட் பூசி, பெட்டியைக் கிழக்குப் பக்க அறைக்குள்ள நிலத்தில இருந்து ஒரு அடி உயரத்தில வச்சன். அடுத்த நாள் மத்தியானம் 64 பாகை. 75 தாண்டினா எனக்கு மெசேஜ் வாற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்டும், நேரத்துக்கு நேரம் தானா ஓட வைக்கிற குரொன்ல போட்டு விட்டிருக்கிறன்.

பழைய தட்டில அன்ரி இப்ப மோர்மிளகாய் காய வைக்கிறா. ரெண்டே நாளில காயுதாம்.