ஜாகுவார் இ-டைப்பா, போர்ஷே 911ஆ? என் ஓட்டு இதற்குத்தான்

பிரேக் வடிவமைப்பு என் தொழில். அதனாலோ என்னவோ, பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதைப் பார்த்தாலும் குனிந்து பின்சக்கரப் பக்கம்தான் முதலில் எட்டிப் பார்ப்பேன். இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு வேலைக்கு வந்த பிறகு, பழைய ஜாகுவார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் சனிக்கிழமைகளில் கூடமாட உதவுகிறேன். ஜாகுவார் இ-டைப்பை நான் அறிந்தது பெரும்பாலும் அதன் அடியில் நின்றுதான்.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான கார் அது. விமானத் தொழிலிலிருந்து வந்த மால்கம் சேயர் வரைந்த உடல், 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 265 குதிரைத்திறன். அந்த நீண்ட மூக்கைப் பற்றி ஊரே பேசியாயிற்று. நான் சொக்கிப்போவது பின்பக்க டிஸ்க் பிரேக்கைப் பார்த்து. சக்கரத்தை ஒட்டி இருக்க வேண்டிய டிஸ்க், இதில் நடுவே, எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதனால் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைகிறது. மேடு பள்ளத்தில் டயர் தரையை விடுவதில்லை. ஜாகுவார் கேட்ட விலைக்கு அப்படியொரு பின்சஸ்பென்ஷன் அன்று வேறு யாரிடம் கிடைத்தது?

பாடு முழுக்க மெக்கானிக்குக்குத்தான். டிஸ்க்கைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் வரை கை நுழைய இடமில்லை. பிரேக் சூட்டில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் கெட்டு, டிஃபரன்ஷியல் எண்ணெய் டிஸ்க்கில் வழிந்திருக்கும். கருகிய வாடையே காட்டிக்கொடுத்துவிடும். சரியாக வேலை பார்க்க வேண்டுமென்றால் சஸ்பென்ஷனோடு மொத்தக் கூண்டையும் கழற்றிக் கீழே இறக்க வேண்டும்.

போர்ஷே 911 வேறு வழி. 1963ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண் எங்களுடையது என்று பிரெஞ்சு கார் நிறுவனமான பெஜோ சொல்ல, 911 ஆயிற்று. இரண்டே லிட்டர், 130 குதிரைத்திறன், காற்றால் குளிரும் எஞ்சின். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. பின்னால் குழந்தைகள் உட்காரவும் இடம் உண்டு. ஆனால் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து பின்டயர் பிடி தளர்ந்து, வண்டியின் பின்பாதி கவண்கல் மாதிரி வெளியே வீசும். இங்கே பாடு ஓட்டுபவருக்கு.

முன் பம்பருக்குள் இரும்புக் கட்டி வைத்துக்கூடப் பார்த்தார்கள். 1969 மாடலில் எஞ்சினை அசைக்காமல் பின்சக்கரத்தை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். பேட்டரியை இரண்டாகப் பிரித்து முன்னால் வைத்தார்கள். எஞ்சின் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இ-டைப் 1970களின் நடுவிலேயே நின்றுபோனது, 911 இன்றும் வருகிறது என்றால் சும்மாவா?

இருந்தாலும் என் ஓட்டு இ-டைப்புக்குத்தான். வண்டியின் சிரமத்தை ஓட்டுபவர் தலையில் கட்டாமல் பட்டறைக்குத் தள்ளிவிட்ட கார் அது. பட்டறையில் நிற்கும் எனக்கு அதில் வருத்தமே இல்லை. வாங்குவதாக இருந்தால் 1964க்குப் பிறகு வந்த 4.2 லிட்டரைப் பாருங்கள். முந்தைய கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் மாற உதவும் அமைப்பு) கிடையாது, 4.2ல் நான்கு கியருக்கும் உண்டு, சீட்டும் எவ்வளவோ தேவலாம். அப்புறம், விலை பேசுவதற்கு முன் அடியில் ஒரு டார்ச் அடித்து, அந்தப் பின் டிஸ்க்குகள் காய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.