இறுகிப்போன பித்தளை நிப்பிள்: முதலில் வெளிப்பக்கத்தைப் பாருங்கள்

பெரும்போக மழைக்கு மூலையில் போட்ட வோட்டர் பம்பைக் கச்சான் (நிலக்கடலை) பயிருக்கு இறைக்கவென்று வெளியே எடுக்கும்போதுதான் வில்லங்கம் தெரியும். அலுமினிய வாயில் பூட்டிய பித்தளை நிப்பிள், அதாவது மரை (திருகுபுரி) வெட்டிய சிறு குழாய்த்துண்டு, அசையாது. மரையோரத்தில் மாப்போல வெள்ளையாக ஏதோ பூத்திருக்கும். கிணற்றுச் சுண்ணாம்பென்றால் வினாகிரி பட்டதும் நுரைக்கும். நுரைக்காவிட்டால் அது அலுமினியம் அரித்து வந்த தூள்.

பம்புக்குள் தண்ணீர் நின்றால் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு பற்றரி மாதிரித்தான். அலுமினியம் கரையும், பித்தளை தப்பும். வரும் தூள் கரைந்த உலோகத்தைவிடக் கூடிய இடம் பிடிப்பதால் மரைக்குள் ஆப்படித்ததுபோல இறுகிவிடும். முல்லைத்தீவுக் கரையோர உவர்த் தண்ணீரில் இது இன்னும் கெதியாக நடக்கும்.

சூடு காட்டுவதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். 100 பாகை சூடேறினால் ஒரு மீற்றர் அலுமினியம் 2.3 மில்லிமீற்றர் நீளும், பித்தளை 1.9, இரும்பு 1.2. ஆகவே வெளியே அலுமினியம் என்றால் அதன்மேல் கொதிதண்ணீர் ஊற்றி, சூடு ஆறமுன் திருப்ப வேண்டும். நெருப்பு வேண்டாம்: பக்கத்தில் பெற்றோல் தாங்கி, அலுமினியமோ சிவந்து காட்டாமலே 660 பாகையில் உருகிவிடும்.

ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாய்க்குள் இறுகிய பித்தளை என்றால் கதை தலைகீழ். சூட்டில் பித்தளை இன்னும் இறுகும். சூடாக்கி, முழுதாக ஆறவிட்டால் அது சுருங்கும்போது கறள் பிடி விடும். பிறகு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறட்டும்.

திருப்பும்போது இரண்டு ரெஞ்ச் வேண்டும், ஒன்று பம்பின் வாயை அசையாமல் பிடிக்க. முதலில் மயிரளவு இறுக்கி, பிறகு கழற்றுங்கள். ரெஞ்ச் பிடியில் குழாய் செருகி நீட்டினால் வாய்தான் வெடிக்கும்.

நிப்பிள் முறிந்து உள்ளே நின்றால் அக்சோ பிளேட்டை (இரும்பறுக்கும் வாள் அலகை) உள்ளே விட்டு, நீளவாக்கில் இரண்டு இடத்தில் அறுங்கள். மஞ்சள் தூள் வந்துகொண்டிருக்கும்வரை பயமில்லை, அது பித்தளை. வெள்ளித்தூள் ஒரு பொட்டுத் தெரிந்தாலும் நிறுத்த வேண்டும், அது பம்பின் மரை. நடுத்துண்டைச் சிறிய உளியால் உட்பக்கம் மடித்தால் மிச்சம் தானாகக் கழரும்.

திரும்பப் பூட்டும்போது ரெப்லோன் ரேப்பை மட்டும் நம்பக்கூடாது. மரை அதை வெட்டி உலோகத்தைத் தொட்டுவிடும். இடையில் பிவிசி வால்வ் சொக்கற் (மரையுள்ள பிளாஸ்டிக் இணைப்பு) போடுங்கள். கையால் இறுக்கியபின் இன்னும் ஒரு சுற்றுப் போதும். பம்பு அதிர்வதால் சொக்கற்றுக்கு அடுத்ததாக ஒரு சாண் ரப்பர் ஹோசும் வேண்டும்.