மூன்று ஓட்டை

காலையில் தேத்தண்ணியோடு விறாந்தையில் இருக்கும்போது கனடாவிலிருந்து சித்தப்பா ஒரு படம் அனுப்பினார்.

துவக்கால் சுட்டுப் பார்த்த இலக்குக் கடதாசி. 50 யார் தூரம். மூன்று ஓட்டையையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடிவிடலாம்.

உடனே எடுத்துப் பேசினேன். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

ஒன்ராறியோவில் மான் வேட்டைக்கு அவர் வைத்திருப்பது குழலின் வாய்ப்பக்கத்தால் வெடிமருந்து போடும் துவக்கு. நம் ஊரில் இடியன் என்போமே, அந்த வகை. குழல் துருப்பிடித்ததால் வேறு குழல் மாற்றினார். அன்றிலிருந்து மருந்துக்கும் குண்டுக்கும் பழைய அளவு எதுவும் சரிவரவில்லை.

காரணம் குழலுக்குள் ஓடி, குண்டைச் சுழற்றிவிடும் சுருள் வரி. பழையதில் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, புதியதில் 28. இவ்வளவு வேகமாகச் சுழற்றும் குழலுக்கு உருண்டைக் குண்டைவிட நீளக் குண்டுதான் ஒத்துப்போகும்.

அப்புறம் பொறுமை. குழல் செய்தவர்கள் சொன்ன உச்ச மருந்தளவுக்கு நன்றாகக் கீழே தொடங்கி, ஐந்தைந்து கிரெயினாக (மருந்தை அளக்கும் சிறிய அலகு) கூட்டி, ஒவ்வொரு அளவுக்கும் மூன்று வெடி. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியால் குழலைத் துடைப்பார். மருந்தையும் குண்டையும் ஒரே நேரத்தில் மாற்றவே மாட்டார். எது திருத்தியது என்று எப்படித் தெரியும்?

"ரெண்டாம் வெடிக்கு நேரமில்லை தம்பி. மான் காயத்தோட காட்டுக்குள்ள ஓடிச் சாகக் கூடாது."

வன்னியில் வயற்காவலுக்குப் போன அப்பு நினைவுக்கு வந்தார். மருந்து இடித்துத் தும்பு அடைக்கும்போது யாரோடும் பேசமாட்டார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடதாசி ஓரத்தில் மருந்தின் அளவு, குண்டின் நிறை, அன்றைய குளிர், எல்லாம் பென்சிலில். எழுத்து அப்புவுடையதைப் போலவே இடப்பக்கம் சரிந்திருந்தது.