சக்கர வடிவில் ஒரு குமிழ்: அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் வேலை பார்த்த விதம்

பி-17 குண்டுவீச்சு விமானம் ஒழுங்காகத்தான் தரையிறங்கும். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற மடங்கும் பலகையை மேலே ஏற்ற விமானி ஒரு ஸ்விட்சைத் தட்டுவார். ஃபிளாப்புக்குப் பதிலாகச் சக்கரம் மடங்கி உள்ளே போய்விடும். விமானம் வயிற்றால் தரையைத் தேய்த்துக்கொண்டு போய் நிற்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இது திரும்பத் திரும்ப நடந்தது. காரணம் 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

1943இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர் பட்டம் வாங்கிய அல்ஃபோன்ஸ் சப்பானிஸ், ஒஹாயோவில் டேட்டன் நகரை ஒட்டிய ரைட் ஃபீல்டில், ராணுவ விமானப்படையின் மருத்துவ ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இந்த விபத்துகளைப் பார்த்ததும் அவர் கவனித்தது ஒன்றைத்தான். பி-17, பி-25 குண்டுவீச்சு விமானங்களிலும் தண்டர்போல்ட் போர் விமானத்திலும் இந்தத் தவறு நடக்கிறது. சி-47 சரக்கு விமானத்தில் நடப்பதில்லை.

ஒரே படை, ஒரே பயிற்சி, ஒரே களைப்பு. தவறு விமானியிடம் இருந்தால் சி-47 ஓட்டுபவரும் செய்ய வேண்டுமே? காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தால் விடை கண்ணெதிரே இருந்தது. தவறு நடந்த விமானங்களில் சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்குமான ஸ்விட்சுகள் அல்லது நெம்புகோல்கள் ஒரே வடிவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சி-47இல் அவை வேறு வேறு இடத்தில், வேறு வேறு விதமாக இயங்கின. சப்பானிஸ் சொன்ன தீர்வு மலிவானது. சக்கரத்துக்கான பிடியின் நுனியில் ஒரு சிறு ரப்பர் சக்கரம், ஃபிளாப்புக்கான பிடியில் ஆப்பு வடிவத் துண்டு. கண் ஓடுபாதையில் இருக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். இன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின் 25.781ஆம் பிரிவு பெரிய பயணிகள் விமானங்களின் குமிழ்களுக்கு இந்த வடிவங்களைப் படம் போட்டே கட்டாயமாக்குகிறது.

ரப்பர் சக்கரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். யூசபிலிட்டி வேலையில், அதாவது ஒரு பொருளை ஆட்கள் தடுமாறாமல் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் வேலையில் இருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது சி-47ஐ. ஒரு செயலியில் வாடிக்கையாளர்கள் தப்பான கணக்குக்குப் பணம் அனுப்புகிறார்கள் என்று புகார் வந்தால், திரையை மாற்றி வரையும் முன், அதே ஆட்கள் அதே வேலையைத் தவறில்லாமல் செய்யும் இடம் எது என்று தேட வேண்டும். கிளையில் செலான் எழுதும்போது இந்தத் தவறு வருகிறதா? பழைய பதிப்பில் வந்ததா? இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசங்கள் நாலைந்துதான் மிஞ்சும். அந்த நாலைந்தைச் சோதித்தால் போதும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே 'புது டிசைன்' என்று இறங்குபவர்கள், பழைய தவறை வேறு இடத்துக்கு மாற்றி வைப்பதுதான் வழக்கம்.

அதே ஆய்வகத்தில் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 1947இல் முடித்த வேலையும் இதோடு சேர்ந்தது. விமானிகள் தாங்கள் செய்த, அல்லது கண்ணால் பார்த்த கட்டுப்பாட்டுத் தவறுகளை விவரிக்கச் சொல்லி 460 சம்பவங்களைத் திரட்டினார்கள். அவற்றை ஆறாகப் பிரித்தார்கள்: ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இயக்குவது, அளவு பிசகுவது, மறந்துபோவது, எதிர்த்திசையில் திருப்புவது, தெரியாமல் கைபட்டு இயங்குவது, கைக்கு எட்டாமல் போவது. பாதி முதல் வகை. கால் சென்டருக்கு வரும் புகார்களை இன்றும் இந்த ஆறு பெட்டிகளில் போட்டுப் பார்க்கலாம், பெரும்பாலானவை அடங்கிவிடும். 'யூசர் எரர்' என்று ஒரே தலைப்பில் குவித்து வைத்தால் எதுவும் தெரியாது.

போர் முடிந்ததும் 1946இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார் சப்பானிஸ். 1982இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான். 1949இல் கார்னர், மார்கன் ஆகிய இருவரோடு சேர்ந்து, கருவிகளை மனிதருக்கு ஏற்றபடி வடிவமைக்கும் இத்துறையின் முதல் பாடநூலை எழுதினார். நடுவில் 1953–54இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் ஒரு காலம்.

அந்தத் தொடர்பில் வந்தது தொலைபேசிப் பொத்தான் ஆய்வு. பத்து வெற்றுப் பொத்தான்கள் வரைந்த தாளைக் கொடுத்து, எந்த எண் எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எழுதுங்கள் என்று சொல்வது. மேரி லட்ஸும் சப்பானிஸும் 1955இல் இதை வெளியிட்டார்கள். மூன்று மூன்றாக அடுக்கிய அமைப்பில் பெரும்பாலோர் படிக்கும் வரிசையிலேயே, 1-2-3ஐ மேல் வரியில் எழுதினார்கள். ஆனால் எதிர்பார்ப்பு வேறு, விரல் ஓடும் வேகம் வேறு. அதைத் தனியாக அளக்க வேண்டும். பெல் ஆய்வகத்தின் டெய்னிங்கர் பல அமைப்புகளில் ஆட்களை அழுத்தவிட்டு வேகம், பிழை, விருப்பம் மூன்றையும் எடுத்து 1960இல் வெளியிட்டார். பல அமைப்புகளுக்கிடையே வித்தியாசம் சொற்பம்தான் என்பது அதில் கவனிக்க வேண்டிய முடிவு. வித்தியாசம் சொற்பமாக வரும்போது அதைச் சொற்பம் என்றே அறிக்கையில் எழுதிவிட்டு, தயாரிப்புச் செலவையும் விருப்பத்தையும் பார்த்து முடிவெடுங்கள் என்று விட்டுவிட வேண்டும். 1963 நவம்பரில் பென்சில்வேனியாவின் கார்னெகி, கிரீன்ஸ்பர்க் ஊர்களில் பொத்தான் தொலைபேசி வந்தது. கணக்குப் பார்க்கும் இயந்திரங்கள் 7-8-9ஐ மேலே வைத்தபடியே தொடர்ந்தன. நாளெல்லாம் கணினியின் எண்பலகையில் தட்டும் காசாளர் ஏடிஎம்மில் விரல் பழக்கத்தில் பின் நம்பரை அடித்துப் பிசகுவதற்கு மூலம் இங்கே இருக்கிறது.

1959இல் லிண்டன்பாமோடு செய்த அடுப்புச் சோதனையை, இத்துறைக்கு வரும் எவரும் ஒருமுறை தாங்களே செய்து பார்ப்பது நல்லது. நான்கு அடுப்பு, முன்னால் ஒரே வரிசையில் நான்கு குமிழ். மூன்று மாதிரிகளில் அடுப்புகள் சதுரமாக இருக்கும். எந்தக் குமிழ் எந்த அடுப்புக்கு என்ற இணைப்பு மட்டும் மாறும். ஒரு மாதிரியில் பின் அடுப்புகளையும் முன் அடுப்புகளையும் சற்று விலக்கி வைத்து, இடமிருந்து வலமாக அடுப்பின் வரிசையும் குமிழின் வரிசையும் ஒன்றாக வரும்படி செய்தார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் 15 பேர், ஆளுக்கு 80 முறை, ஆக மாதிரிக்கு 1200 முயற்சி. விலக்கி வைத்த மாதிரியில் பிழை சைபர். மற்ற மூன்றில் 76, 116, 129.

இந்த எண்களைவிட அவற்றை எடுத்த விதம் முக்கியம். ஒரே ஆளுக்கு நான்கு மாதிரியையும் கொடுத்திருந்தால் முதலில் பழகிய இணைப்பு அடுத்ததைக் கெடுத்திருக்கும். இரண்டாவது மாதிரியின் பிழையில் எவ்வளவு அந்த மாதிரியுடையது, எவ்வளவு முந்தைய பழக்கத்துடையது என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் மாதிரிக்கு மாதிரி வேறு ஆட்கள். ஆள் செலவு நான்கு மடங்கு ஆகும், அதைத் தாங்கத்தான் வேண்டும். இன்று இரண்டு திரைகளை ஒப்பிடும்போது செலவை மிச்சப்படுத்த ஒரே ஆட்களிடம் இரண்டையும் காட்டுகிறார்கள். காட்டலாம். பாதிப் பேருக்கு முதல் திரையை முதலிலும், மீதிப் பேருக்கு இரண்டாவதை முதலிலும் கொடுத்து, முதலில் பார்த்த திரையின் முடிவுகளை மட்டும் தனியாகவும் கணக்கிட வேண்டும். இரண்டு கணக்கும் முரண்பட்டால் தனிக் கணக்கையே நம்புங்கள். இன்னொன்று: குமிழின் மேல் 'பின் இடது' என்று எழுதி ஒட்டினால் சரியாகிவிடாதா என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். எழுத்தைப் படிக்க நேரம் பிடிக்கும், பால் பொங்கும்போது யாரும் படிக்கமாட்டார்கள். நம் வீடுகளின் இரண்டு அடுப்பு கேஸ் ஸ்டவ்வில் குமிழ் அந்தந்த அடுப்புக்கு நேர் கீழே இருக்கிறது. லேபிள் கேட்டவர் யாருமில்லை.

இத்தனை சோதனை செய்தவர், 1967இல் சோதனைகள் மீதே ஒரு கட்டுரை எழுதினார். ஆய்வகத்தில் கிடைத்த முடிவு நடைமுறைக்கு அப்படியே பொருந்தும் என்று நம்ப வேண்டாம் என்பது அதன் சாரம். ஆய்வகத்தில் இரண்டு மூன்று காரணிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெளியே நிறுத்துகிறோம். வேலை நடக்கும் இடத்தில் அந்த வெளியே நிறுத்தியவைதான் பெரிதாக இருக்கும். அமைதியான அறையில், சார்ஜ் நிறைந்த போனில், ஒரு வேலையை மட்டும் செய்யச் சொல்லிப் பார்க்கும் நமக்கு இது நேராகப் பொருந்தும். வெயிலில் நின்று, ஒரு கையில் பையோடு, விரிசல் விழுந்த திரையில், பின்னால் வரிசை நிற்கும்போது அதே வேலையைக் கேட்டுப் பாருங்கள். ஆய்வகத்தில் வெற்றி பெற்ற திரை எல்லா நேரமும் அங்கே தோற்காது. ஆனால் எது தோற்கும் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து ஊகிக்க முடியாது.

எழுபதுகளில் அவர் கவனம் பேச்சின் பக்கம் திரும்பியது. இரண்டு பேரை வேறு வேறு அறையில் வைத்து, ஒருவரிடம் பிரச்சினையும் மற்றவரிடம் தகவலும் கொடுத்து, தட்டச்சு, கையெழுத்து, குரல், நேருக்கு நேர் என்று வழியை மட்டும் மாற்றினார்கள். குரல் இருந்தால் நேரம் ஏறக்குறைய பாதி. முகத்தைப் பார்ப்பதால் கூடுதல் லாபம் அதிகமில்லை. தட்டச்சுத் தேர்ச்சி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் பலரை வியக்கவைத்தது. நேரம் போனது விரலில் அல்ல, என்ன எழுதுவது என்று யோசிப்பதில். 1977இல் வந்த இன்னொரு ஆய்வில் 300 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து மட்டுமே சொற்களை எடுக்க அனுமதித்தார்கள். வேலை அதனால் தாமதமாகவில்லை.

ஹாப்கின்ஸில் அவர் மாணவராக இருந்த ஜெஃப் கெல்லி இதிலிருந்துதான் அடுத்த படிக்குப் போனார். இன்று யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) ஆட்கள் 'விசார்ட் ஆஃப் ஓஸ்' என்று சொல்லும் முறைக்கு அந்தப் பெயர் வந்தது அவர் வேலையிலிருந்து. அவர் செய்தது கால் (CAL) என்ற நாட்காட்டி நிரல். சாதாரண ஆங்கிலத்தில் தட்டினால் சந்திப்புகளைக் குறித்துவைக்கும், கேட்டால் சொல்லும். முதல் சுற்றில் நிரலே கிடையாது. மறைவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கணினி போலப் பதில் அனுப்புவார். அதில் ஆட்கள் தட்டிய சொற்களை வைத்து அகராதியும் ஒரு எளிய நிரலும் எழுதப்பட்டன. இரண்டாம் சுற்றில் நிரல் ஓடும், தடுமாறும் இடத்தில் மட்டும் மறைவில் இருப்பவர் கை கொடுப்பார். தடுமாறிய ஒவ்வொரு வாக்கியமும் அகராதியை வளர்க்கும். கடைசியில் யாரும் கை கொடுக்காமல், புதிய ஆட்களை வைத்துச் சோதனை. விசைப்பலகைக்கு 5 நிமிட அறிமுகம், இரண்டு பக்கக் குறிப்பு, வேறு பயிற்சி இல்லை. 1984இல் வெளியான முடிவின்படி, அளவுகோலைப் பொறுத்து 86 முதல் 97 சதவீதக் கோரிக்கைகளுக்குச் சரியான பதில் வந்தது. இலக்கணத்தை அலசாத எளிய நிரல் இது. ஆட்கள் உண்மையில் தட்டியதிலிருந்து அகராதி வளர்ந்ததால்தான் அது எடுபட்டது.

சாட்பாட் செய்பவர்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டு கெடுப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: மறைவில் இருப்பவர் ரொம்பக் கெட்டிக்காரராக இருந்துவிடுகிறார். 'நாளைக்கு அந்த விஷயம்' என்றால் எந்த விஷயம் என்று மனிதருக்குப் புரியும், பதிலும் போய்விடும். பிறகு வரப்போகும் நிரலுக்குப் புரியாது. அதனால் அவருக்கு முன்கூட்டியே விதி எழுதிக் கொடுக்க வேண்டும்: எந்த வகைக் கேள்விக்குப் பதில் சொல்லலாம், எதற்கு 'புரியவில்லை' என்று அனுப்ப வேண்டும். பதில்களை முன்பே எழுதி வைத்துப் பொத்தானில் அனுப்புவது நல்லது. தானாக எழுத ஆரம்பித்தால் நடை மாறிவிடும். பதில் போகும் நேரமும் ஒரே சீராக இருக்கட்டும். ஒன்று சட்டென்றும் அடுத்தது அரை நிமிடம் கழித்தும் வந்தால், எதிரில் இருப்பவர் சந்தேகப்படுவார், அல்லது தன் கேள்விதான் கடினம் என்று நினைத்து வாக்கியத்தைச் சுருக்கிக்கொள்வார். புதிய ஆள் வந்தும் புதிய சொல் அதிகம் வரவில்லை என்றால் அந்தச் சுற்றை நிறுத்தலாம். தமிழில் செய்தால் அந்தக் கட்டம் தாமதமாகவே வரும்: 'போடுங்க', 'போட்டுரு', 'poduga' என்று ஒரே சொல்லை மூன்று விதமாகத் தட்டுவார்கள், ஆங்கில எழுத்தில் தட்டுவதையும் சேர்த்தே எண்ண வேண்டும். முடிந்ததும், அந்தப் பக்கம் இருந்தது மனிதர் என்று வந்தவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் பதிவை அழித்துவிட வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகும் சப்பானிஸ் விடாமல் சொல்லிவந்தது தேவை ஆவணத்தைப் பற்றி, அதாவது செய்யப்போகும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் தாளைப் பற்றி. 'பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்' என்ற வரியைப் பொறியாளரால் கட்டவும் முடியாது, சோதிக்கவும் முடியாது. 1990இல் புடர்காவோடு எழுதிய கட்டுரை, கணினித் திரைக்கான தேவைகளை எப்படி எழுதுவது என்பதைப் பற்றியதே. அந்த வழியில் எழுதினால் ஒரு வரி இப்படி வரும்: 'இதுவரை இந்தச் செயலியைத் தொடாத, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த 10 பேரில் 9 பேர், யார் உதவியும் இல்லாமல், 3 நிமிடத்துக்குள் மின்கட்டணம் செலுத்தி ரசீது பெற வேண்டும்; தவறான இணைப்பு எண்ணுக்குப் பணம் போகக் கூடாது.' யார், என்ன உதவியோடு, எந்த வேலை, எவ்வளவு நேரம், எந்தத் தவறு கூடவே கூடாது என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன. ஒன்று விடுபட்டாலும் ஒப்படைக்கும் நாளில் வாக்குவாதம் அந்த இடத்தில்தான் கிளம்பும். பெரும்பாலும் விடுபடுவது 'யார்' என்பது. அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் பத்துப் பேரை உட்காரவைத்துத் தேர்ச்சி காட்டிவிடுவார்கள். ஆகவே ஆட்களை யார் தேர்ந்தெடுப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், செய்து கொடுக்கும் நிறுவனத்திடம் அதை விடாதீர்கள்.