மாலத்தீவு ஜின்னும் நம்ம முப்பந்தல் இசக்கியும்

மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துலருந்து மாலத்தீவுக்கு வாத்தியார் வேலைக்கு போனவங்க நெறைய பேரு உண்டு. திருவனந்தபுரத்துல பிளைட் ஏறுனா ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள போயிரலாம், நானும் அப்படி போனவதான், ஒரு சின்ன தீவுல பயாலஜி டீச்சர். ஊருக்கு வந்தா எல்லாரும் சம்பளம் எவ்ளோ, மீன் என்ன வெலனுதான் கேக்காவ, அங்க உள்ள பேய் கதைய ஒருத்தரும் கேக்கல, சரி நானே எழுதிருகேன்.

அங்க மந்திரத்துக்கு ஃபண்டிதானு பேரு. நம்ம ஊர்ல மந்திரவாதி வீட்டுக்கு முக்காடு போட்டுட்டு போவாவ இல்லியா, அங்க அந்த கூச்சம் கெடையாது, ஃபண்டிதா செய்யணும்னா ஹெல்த் மினிஸ்ட்ரில பெர்மிஷன் வாங்கணும்னு சட்டமே இருக்கு. கெடுதல் பண்ற சூனியம் தனி, அதுக்கு சிஹுருனு சொல்லுவாவ. 2013 ஜனாதிபதி எலெக்‌ஷன் சமயம் குரைதூ தீவுல, ஓட்டு போடப்போற ஸ்கூல் பக்கத்துல குர்ஆன் வசனம் எழுதுன ஒரு தேங்கா கெடந்துருக்கு, யாரோ ஓட்ட மாத்த செய்வினை வெச்சுட்டாவனு போலீஸ் அத எடுத்துட்டு போயி, ஒரு மந்திரவாதிய வெச்சு செக் பண்ணி பாத்தாவ. ஸ்டாஃப் ரூம்ல இத கேட்டு நாங்க சிரிச்சப்ப உள்ளூர் டீச்சர் ஒருத்தி மட்டும் சிரிக்கல.

புள்ளைங்க எல்லாத்துக்கும் தெரிஞ்ச கத ரன்னமாரிங்கற கடல் ஜின்னு, அதாவது கடல் பேயோட கத. மாசத்துக்கு ஒரு தடவ கடல்லருந்து வருமாம், அதுக்கு ஒரு கன்னிப்பொண்ண கரையில உள்ள கோயில்ல விட்டுட்டு வருவாவளாம். அபுல் பரகாத்னு ஒருத்தர் அந்த பொண்ணுக்கு பதிலா தான் போயி ராத்திரி முழுக்க குர்ஆன் ஓதவும் அது திரும்பி வரவே இல்ல, ராஜா இஸ்லாத்துக்கு மாறுனாரு, 1153ல. ஊர் ஊரா சுத்துன பயணி இப்னு பதூதா அங்க காஜியா, அதாவது நீதிபதியா இருந்தப்ப இந்த கதய எழுதி வெச்சுருக்காரு, வெளக்கு நெறஞ்ச கப்பல் மாதிரி அது கடல்ல வந்தத தானும் பாத்தேன்னு வேற சொல்லுதாரு! ராத்திரி கரையில அல நீலமா மின்னும்ல, அது சின்ன சின்ன கடல் உயிரிங்க பண்ற வேலனு கிளாஸ்ல சொன்னேன். எழுதிக்கிட்டாவ, பரீட்சைல கரெக்டாவும் எழுதுனாவ, ஆனா சாயந்தரம் பொழுது சாஞ்சதும் மஃரிப் பாங்கு சொன்னதுக்கு அப்புறம் கரைக்கு வாங்கடானா ஒருத்தனும் வரமாட்டான். அந்த நேரந்தான் ஜின்னு சுத்துற நேரமாம், ட்யூஷன் டைம் கூட அத பாத்துதான் வெக்கணும்.

இதெல்லாம் எனக்கு தொந்தரவா தோணல. ஆனா ஒரு பையனுக்கு கிளாஸ்ல வலிப்பு வரும், வீட்ல ஜின்னு புடிச்சிருக்குனு ஓதி ஊதிட்டே இருந்தாவ, ஹெல்த் சென்டருக்கு கூட்டிட்டு போறதுக்கு நாங்க எத்தன நாள் கெஞ்சிருப்போம். ஓதுங்க, வேண்டாங்கல, மாத்திரையும் குடுங்கனு சொன்ன பெறகுதான் கேட்டாவ. நம்ம ஊர்லயும் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தனுக்கு வலிப்பு வந்தா நாலு பேரு சாவிக்கொத்த எடுத்துட்டு ஓடி வருவான், சரிச்சு படுக்க வெக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணாது. எனக்கு பத்திக்கிட்டு வர்றது இந்த எடத்துல மட்டுந்தான்.

மாலத்தீவுல அதே ஆளுங்க ‘நகய்’னு ஒரு கணக்கு வெச்சுருக்காவ. புதுசா வந்த டீச்சர்மாரு அதையும் மூடநம்பிக்கைனு ஒதுக்கிருவாவ, நட்சத்திரம் பாத்து கடலுக்கு போறாவளாம்னு கிண்டல் வேற. ஆனா அது 27 நட்சத்திரம், ஒவ்வொண்ணுக்கும் 13 இல்லனா 14 நாளு, எந்த நாள்ல காத்து எப்படி அடிக்கும், எப்ப மழ, எப்ப மீன் கெடைக்கும்னு தலமொற தலமொறயா பாத்து வெச்ச கணக்கு. நட்சத்திரம் பாத்து வெவசாயம் பண்ற நம்ம ஞாற்றுவேல கணக்கு அப்படியே அதானே! எங்க பாட்டா திருவாதிர ஞாற்றுவேலையிலதான் நல்லமொளகு கொடி நடுவாரு, அந்த மழைக்கு கம்ப ஒடிச்சு நட்டாலும் துளுக்கும்னு சொல்லுவாரு, அவர யாரும் மூடநம்பிக்கக்காரர்னு சொல்லலியே. மழ இப்ப முன்ன பின்ன ஆகுதுனு அங்கயும் மீன்காரங்க பொலம்புறாவ, அது வேற விஷயம்.

புள்ளைங்களுக்கு நம்ம ஊரு கத கேக்க ஆச. ரோட்டோரம் கோயில் உள்ள நம்ம அம்மன் முப்பந்தல் இசக்கி கதய சொன்னேன், லாரிக்காரன் கூட நிறுத்தி கும்புட்டுட்டுதான் போவான்னேன், ஏழிலப்பால மரத்துல யட்சி இருக்கும்னேன், கண்ண உருட்டிட்டு கேட்டாவ. அப்புறம் நாகர்கோயில் நாகராஜா கோயில்ல மண்ணுதான் பிரசாதம், அது ஆறு மாசம் கருப்பா, ஆறு மாசம் வெள்ளையா மாறும்னு நம்ம ஆளுங்க சொல்லுவாவனு சொன்னதும் பின் பெஞ்சுல இருந்த ஒருத்தன் கைய தூக்கிட்டான். "மிஸ், அத யாராவது மாசாமாசம் எடுத்து பாட்டில்ல போட்டு வெச்சு பாத்தாவளா? நீங்க பாத்தீங்களா?"

கன்ட்ரோல் எங்க, ரீடிங் எங்கனு நான் சொல்லிக்குடுத்தத எனக்கே திருப்பி விடுதான். லீவுக்கு வர்றப்ப பன்னெண்டு சின்ன டப்பா வாங்கி அம்மைட்ட குடுத்தேன், மாசம் ஒரு தடவ கோயிலுக்கு போறப்ப கொஞ்சம் மண்ணு எடுத்து தேதி எழுதி வைங்கன்னு. "கோயில் மண்ண பரிசோதன பண்ணுதியாட்டி"னு ஒரே ஏச்சு. டப்பால இப்ப கடுகும் வெந்தயமும் இருக்கு.