கெசிக்: படி இறங்கினால் மலை

மலை நடக்கப் போகும்போது எந்தச் சிகரம் என்பதை விட, எந்த ஊரில் தங்குவது என்பதைத்தான் நான் அதிக நேரம் யோசிப்பேன். ஏரிகளும் மலைகளும் நிறைந்த இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஐந்து நாள் போவதென்று முடிவானபோதும் அப்படித்தான். கார் கிடையாது. ரயில் நேராகப் போவது விண்டர்மியருக்கு, அதனால் பலரும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அழகான இடம்தான், ஆனால் உயரமான மலைகளுக்கு அங்கிருந்து தினமும் பஸ் பிடித்தாக வேண்டும்.

பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்த்தேன். நடைபாதைகளைப் பச்சை நிறக் கோடுகளாகப் போட்டிருப்பார்கள். வடக்கே கெசிக் என்ற ஊரில் அந்தப் பச்சைக் கோடுகள் தெருமுனையிலிருந்தே கிளம்பி மலைக்கு ஏறின. சரி, இதுதான் நம் ஊர் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். (பெயரை எழுதும்போது நடுவில் ஒரு டபிள்யூ வரும், சொல்லும்போது வராது.)

பென்ரித் வரை ரயில், அங்கிருந்து முக்கால் மணி நேரம் பஸ். கெசிக்குக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது, 1972-இல் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தண்டவாளம் போன வழிதான் இப்போது த்ரெல்கெல்ட் என்ற கிராமம் வரை ஆற்றோரமாகப் போகும் நடைபாதை. மேலே மேகம் இறங்கிவிட்ட நாளில் அங்கே போய் நடக்கலாம்.

1276-இல் சந்தை நடத்த அரசரின் அனுமதி பெற்ற ஊர் இது. இன்றும் வியாழனும் சனியும் கடைத்தெருவில் சந்தை கூடுகிறது. நடுவில் நிற்கும் மூட் ஹால் என்ற பழைய ஊர் மன்றக் கட்டடம் 1813-இல் கட்டியது. அதன் கோபுரக் கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள்தான்! மணியை மட்டும் காட்டும், நிமிடத்தை நாம்தான் உத்தேசமாகக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். மலை நடப்பவர்களுக்குச் சந்தை ஊர் எவ்வளவு உதவி என்பது இங்கேதான் புரிந்தது. காலையில் ரொட்டியும் சீஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஷூ லேஸ் அறுந்துபோனால் பத்தடியில் கடை. சாயங்காலம் நனைந்து திரும்பினால் சூடாகச் சாப்பிட இடம் இருக்கிறது. தங்கும் அறை பிடிக்கும்போது ஈரத் துணியும் பூட்ஸும் காய வைக்கத் தனி அறை உண்டா என்று மறக்காமல் கேளுங்கள். தெற்கே இதே பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது.

ஊரை ஒட்டிய ஏரியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டெர்வென்ட்வாட்டர் என்ற அந்த ஏரியை வேடிக்கை பார்க்கும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு போக்குவரத்து வசதி என்பது முதல் நாளே தெரிந்தது. ஏரியைச் சுற்றி ஏழு படகுத்துறைகள். படகு இரு திசையிலும் சுற்றி வருகிறது. ஒரு துறையில் இறங்கி, மலை ஏறி, மறுபக்கம் இறங்கி வேறொரு துறையில் படகு பிடித்துத் திரும்பலாம். வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியதில்லை. கடைசிப் படகின் நேரத்தை மட்டும் காலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்படித்தான் காட்பெல்ஸ் என்ற மலை ஏறினேன். 451 மீட்டர்தான் உயரம், ஹாஸ் எண்ட் துறையிலிருந்து பாதை தொடங்குகிறது. சின்ன மலை என்று லேசாக நினைக்கக் கூடாது. இரண்டு இடத்தில் பாறையைக் கையால் பற்றித்தான் ஏற முடியும். எத்தனையோ பேரின் பூட்ஸ் தேய்த்துத் தேய்த்து அந்தப் பாறை வழவழவென்று ஆகியிருக்கிறது. முந்தைய இரவு மழை வேறு. காலை வைத்து, வழுக்குகிறதா என்று அழுத்திப் பார்த்து, பிறகுதான் அடுத்த காலை எடுத்தேன். மேலே ஒரு ஹெர்ட்விக் ஆடு பாதையிலேயே நின்றது: சாம்பல் நிற ரோமம், வெள்ளை முகம். அதன் குட்டி கன்னங்கரேலென்று இருந்தது. இந்த இனத்துக் குட்டிகள் கறுப்பாகப் பிறந்து வளர வளரத்தான் வெளுக்குமாம். இறங்கியது பிராண்டல்ஹோ காட்டு வழியாக. 1902-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை இந்த வட்டாரத்தில் முதன்முதலாக வாங்கிப் பாதுகாத்த நிலம் அது. படகுத்துறை அந்தக் காட்டின் விளிம்பிலேயே இருக்கிறது.

மறுநாள் ஸ்கிடா மலை ஏறுவதாகத் திட்டம். 931 மீட்டர். காலையில் ஜன்னலைத் திறந்தால் மலை பாதிக்கு மேல் காணவில்லை. அந்த மூட்டத்தில் தனியாகப் போக எனக்குச் சம்மதமில்லை. பஸ் ஏறி இறங்கும் ஊராக இருந்தால் அந்த நாளே வீணாகியிருக்கும். இங்கே இன்னொரு பக்கமாக நடந்தேன், வால்லா கிராக் என்ற 379 மீட்டர் குன்றுக்கு. மேகம் அதற்கும் மேலேதான் இருந்தது. பாறை விளிம்பில் நின்றால் ஏரியும் அதன் தீவுகளும் காலடியில் தெரிந்தன. அப்புறம் ஆஷ்னஸ் பாலம் வழியாக இறங்கி, படகில் ஊர் திரும்பினேன்.

ஸ்கிடா கடைசி நாளில்தான் கிடைத்தது. ஊர் எல்லையிலிருக்கும் ஸ்பூனி கிரீன் சந்து வழியாக ஏற்றம் தொடங்குகிறது. முதலில் லாட்ரிக் குன்றின் தோள், அப்புறம் மூச்சு வாங்க வைக்கும் நீண்ட சரிவு. உச்சியில் புல் இல்லை, மிதித்தால் சலசலக்கும் ஸ்லேட் கற்கள்தான். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரொட்டியைத் தின்றேன். திரும்பி இறங்கும்போது ஏரியும் ஊரும் தெளிவாகத் தெரிந்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் கூரைகள் பெரிதாயின. நான் தங்கியிருந்த தெருவை அடையாளம் கண்டுபிடித்து, அதையே பார்த்துக்கொண்டு நடந்து, வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன்.